கொண்டு கொடுத்த உறவு: பௌத்த நெறிகளின் ஒற்றுமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமயத்தின் ஒற்றுமை எதனால் அமைகின்றது? எல்லாரும் ஒன்றையே நம்புவதனாலா? எல்லாரும் ஒருவர்க்கே கீழ்ப்படிவதனாலா? அன்றி வேறெதனாலுமா? சமய வரலாற்றைப் பயில்வார் எவர்க்கும் இயல்பாக எழும் வினா இது. மிஷன் பாடசாலைகளிற் கல்வி கற்ற எம் போன்றோர்க்கு இவ்வினா எழும்போது திருச்சபையின் வரலாறே முதலில் நினைவுக்கு வரும். கி. பி. 325 ஆம் ஆண்டில் நைசீயா நகரிற் கூடிய ஆயர்கள் ஒரு விசுவாசப் பிரமாணத்தை வகுத்தனர். அதனை ஏற்றோர் உள்ளே நின்றனர்; ஏலாதோர் புறத்தே தள்ளப்பட்டனர். ஒற்றுமை என்றால் இதுவே என்று எண்ணிப் பழகியவர்க்குப் பௌத்த சமயத்தின் வரலாறு பெரும் வியப்பைத் தரும்.

ஏனெனில், பௌத்தருக்கு அத்தகைய பிரமாணமும் இல்லை; பாப்பரசரைப் போன்ற ஒரு தலைவரும் இல்லை. தமக்குப் பின்னர்த் தாம் போதித்த தருமமும் விநயமுமே ஆசானாக நிற்கும் என்று கூறி, எவரையும் வாரிசாக நியமியாது புத்தர் பெருமான் மறைந்தார் என்பது பாளி நூல்கள் தரும் செய்தி. தலைவனில்லாத வீடு சிதறிப்போகும் என்பர். ஆயின் இவ்வீடு இருபத்துநான்கு நூற்றாண்டுகளாகச் சிதறவில்லை, கிளைவிட்டுப் பரந்தது. இலங்கை, மியன்மார், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளில் தேரவாதம் நிலைத்தது. சீனம், கொரியா, யப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளில் மகாயானம் தழைத்தது. திபெத்து, மொங்கோலியா முதலிய இடங்களில் வச்சிரயானம் வேரூன்றியது. இவர்கள் ஓதும் நூல்கள் வேறு; உடுக்கும் ஆடை வேறு; வணங்கும் திருவுருவங்களும் வேறு. அங்ஙனமாயின் இவர்களை ஒன்றென்று சொல்வதற்கு யாது ஆதாரம்?

எங்கள் ஊர்களில் இரு குடும்பத்தார் உறவினர் என்பதைக் குறிப்பிடும்போது, அவர்கள் “கொண்டு கொடுத்தவர்கள்” என்பது வழக்கம். அவ்விரு குடும்பத்தாரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதில்லை. ஒரே காணியை உழுவதுமில்லை. சில வேளைகளில் வேலிச் சண்டையும் நடப்பதுண்டு. ஆயினும் இவர் வீட்டுப் பிள்ளை அவர் வீட்டிலும், அவர் வீட்டுப் பிள்ளை இவர் வீட்டிலும் வாழ்வதால் உறவு அறுவதில்லை. பௌத்த நெறிகளின் ஒற்றுமையும் ஏறக்குறைய இத்தன்மையதே என்பதை வரலாற்றைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிவுகள் தோன்றியவாறு

புத்தர் மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் வைசாலி நகரிற் பிக்குகள் கூடிய இரண்டாவது சங்கீதியிலே முதற் பெரும் விவாதம் எழுந்தது. விவாதத்துக்கு இடமானவை ஆழ்ந்த தத்துவங்களல்ல. கொம்பிலே உப்பைச் சேமித்து வைக்கலாமா, பொன்னும் வெள்ளியும் ஏற்கலாமா என்பன போன்ற பத்து ஒழுக்க விதிகளே. இக்காலத்தை ஒட்டியே ஸ்தவிரர் என்றும் மகாசாங்கிகர் என்றும் சங்கம் இருகிளையாயிற்று. பின்னர் அவை மேலும் கிளைத்துப் பதினெட்டு நிகாயங்களாயின என்பது மரபு.

சங்கத்தைப் பிளத்தலைப் பௌத்தர் மிகப் பெரும் பாவங்களுள் ஒன்றாகக் கொள்வர். அசோகச் சக்கரவர்த்தி சாரநாத்திலும், சாஞ்சியிலும், கௌசாம்பியிலும் பொறித்த கட்டளைகளில், சங்கத்தைப் பிளக்கும் பிக்குவாயினும் பிக்குணியாயினும் வெள்ளாடை உடுத்தப்பெற்று வெளியேற்றப்படுதல் வேண்டும் என்று ஆணையிட்டான். ஆயின் எது பிளவு என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஒரே எல்லையில் வாழும் துறவிகள் தம்முள் ஒன்றுகூடாது, தனித்தனியே சங்கக் கருமங்களை நடத்துவதே விநயத்தின்படி பிளவாகும். ஒருவர் கொள்கையில் மற்றவரினின்றும் வேறுபட்டுச் சிந்தித்தல் தானாகவே பிளவாகிவிடாது. பௌத்த வரலாற்றின் திறவுகோல் இவ்வேறுபாட்டிலே இருக்கின்றது.

இதற்குச் சான்று பகர்பவர் இத்சிங் என்னும் சீன யாத்திரிகர். கி. பி. 671 இல் சீனத்தை விட்டுப் புறப்பட்டு, நாலந்தாவிலே பல்லாண்டு தங்கிக் கற்ற இவர், பாரதத்திலும் தென்கடல் நாடுகளிலும் தாம் கண்ட துறவிகளின் வாழ்க்கையை எழுதி வைத்தார். மகாயானத்தாரும் மற்றையோரும் ஒரே விநயத்தையே கைக்கொள்கின்றனர் என்றும், நான்கு வாய்மைகளை இருசாராரும் போற்றுகின்றனர் என்றும், போதிசத்துவர்களை வணங்கி மகாயான சூத்திரங்களை ஓதுவோர் மகாயானத்தார், அவ்வாறு செய்யாதோர் மற்றையோர் என்றும் அவர் விளக்குகின்றார். அஃதாவது, ஒரே மடத்திலே, ஒரே விதியின்கீழ், ஒரே பந்தியில் உண்டு, வேறு வேறு நூல்களை ஓதினர். கொள்கை வேறுபடினும் ஒழுக்கம் ஒன்றாயிருந்தது. கொடுக்கவும் கொள்ளவும் இடமளித்தது இவ்வொழுக்க ஒருமையே.

அரசாணையால் வந்த ஒற்றுமை

இனி எமது நாட்டுக்கு வருவோம். மகிந்த தேரர் வந்த காலத்தில் தேவநம்பியதீசன் அமைத்த மகாவிகாரையே அநுராதபுரத்தின் மூத்த மடம். கி. மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமினி அபயன் அபயகிரி விகாரையைக் கட்டுவித்தான். மகாவிகாரையார் பாளி மரபை விட்டு அசையாது நின்றனர்; அபயகிரியாரோ பாரதத்திலிருந்து வந்த புதுக்கொள்கைகளுக்கும் கதவைத் திறந்தனர்.

நைசீயா மகாநாட்டுக்குச் சில பத்தாண்டுகளின் முன்னர், மகாசேனன் என்னும் அரசன் அநுராதபுரத்தில் ஆண்டான். அவனுக்கு ஆசானாயிருந்தவர் சோழநாட்டிலிருந்து வந்த சங்கமித்திரர் என்னும் பிக்கு. அசோகனின் மகளாகிய சங்கமித்தையோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. மகாயானச் சார்புடைய இவருடைய தூண்டுதலினால், மகாவிகாரையார்க்கு எவரும் உணவிடலாகாது என்று அரசன் ஆணையிட்டான். பிக்குகள் நகரை விட்டு வெளியேறினர்; ஒன்பது ஆண்டுகள் மகாவிகாரை வெறிச்சோடிக் கிடந்தது. அதன் கட்டிடங்கள் இடிக்கப்பட்டு, அவற்றின் பொருள்கள் அபயகிரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. மேகவண்ணாபயன் என்னும் அமைச்சன் இதனைப் பொறாது அரசனுக்கெதிராகக் கிளர்ந்தெழவே, அரசன் மனம் மாறினான். சங்கமித்திரர் கொலையுண்டார். இச்செய்திகளை எமக்குத் தருவது மகாவமிசம். அது மகாவிகாரையார் எழுதிய நூல் என்பதை மறத்தலாகாது. அபயகிரியார் தம் பக்கத்து நியாயத்தை எழுதியிருப்பின், அது இன்று எமக்குக் கிடைக்கவில்லை.

இது நிகழ்ந்து ஒரு நூற்றாண்டு கழிந்தபின், கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாகியன் என்னும் சீனத் துறவி இங்கு வந்து ஈராண்டு தங்கினார். அபயகிரியில் ஐயாயிரம் பிக்குகளும் மகாவிகாரையில் மூவாயிரம் பிக்குகளும் வாழ்ந்தனர் என்று அவர் குறித்துள்ளார். ஒருவரையொருவர் அழிக்க முயன்ற இரு மடங்களும் அருகருகே செழித்திருந்தன. பாகியன் இங்கிருந்து தம் நாட்டுக்குக் கொண்டு சென்ற நூல்களுள் ஒன்று மகீசாசக நிகாயத்தின் விநயம். அவ்விநயம் இன்று முழுமையாகக் கிடைப்பது சீன மொழிபெயர்ப்பில் மாத்திரமே. ஈழத்தில் எடுக்கப்பட்ட ஏட்டைச் சீனம் காத்துத் தந்தது.

கி. பி. 1165 அளவில், மகாபராக்கிரமபாகு பொலன்னறுவையிலே மூன்று நிகாயங்களையும் ஒன்றாக்கினான். திம்புலாகலை மகாகாசியப்ப தேரரின் தலைமையிற் பெருஞ் சபை கூடிற்று. அபயகிரியாரும் சேதவனத்தாரும் மகாவிகாரையின் முறைமையை ஏற்கலாயினர். பலர் பிக்குநிலை இழந்து சாமணேரராயினர். சிலர் துறவாடை களைந்தனர். சங்கத்தார் ஒழுகவேண்டிய விதிகள் கல்விகாரையின் பாறையிலே பொறிக்கப்பட்டன. சங்கத்திலே ஒழுக்கம் தளர்ந்திருந்ததென்பதும், இச்சீர்திருத்தம் அதற்கு மருந்தாயிற்றென்பதும் உண்மையே. அரசனின் நோக்கத்தை நாம் பழிக்கவேண்டியதில்லை.

ஆயின் அதன் விலையையும் கணக்கிடல் வேண்டும். ஆயிரமாண்டுக்கு மேல் வாழ்ந்த அபயகிரி மரபு அவ்வொற்றுமையிலே கரைந்து மறைந்தது. அதன் நூல்கள் இந்நாட்டில் நிலைக்கவில்லை. உபதிஸ்ஸர் இயற்றிய விமுத்திமார்க்கம் என்னும் தியான நூல் அபயகிரி மரபைச் சார்ந்தது என்று அறிஞர் சிலர் கருதுவர். அதன் முழு வடிவம் எஞ்சியது ஈழத்திலன்று. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீன மொழியில் ஆக்கப்பட்ட பெயர்ப்பிலேயாம். ஆணையால் வரும் ஒற்றுமை வென்றவருக்கு அமைதியைத் தரும். தோற்றவரின் செல்வம் அழிந்துவிடும். பின்னாளில் இருசாராரின் பிள்ளைகளும் அச்செல்வத்தைத் தேடி அயல்நாடு செல்ல நேரும்.

கடல் கடந்த பிக்குணிகள்

ஆணையின்றியே பிறந்த ஒற்றுமையை இனிக் காண்போம். பௌத்த வரலாற்றில் இத்துணை அழகிய நிகழ்ச்சி வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

ஒரு பெண் பிக்குணியாவதற்கு ஆண் சங்கம், பெண் சங்கம் ஆகிய இரண்டும் உபசம்பதை அளித்தல் வேண்டும் என்பது விநயம். சீனத்திலே துறவு பூண்ட பெண்கள் ஆதியிற் பிக்குகளிடம் மாத்திரமே உபசம்பதை பெற்றனர். அங்கு முன்னர்ப் பிக்குணிகள் எவரும் இலராதலின் வேறு வழியில்லை. கி. பி. 429 இல் நந்தி என்னும் கப்பற்றலைவனின் மரக்கலத்திலே ஈழத்துப் பிக்குணிகள் எண்மர், இன்று நாங்கிங் என வழங்கும் நகரை அடைந்தனர். சீனப் பெண்கள் பெற்ற உபசம்பதை நிறைவுடையதுதானா என்ற வினா அவர்கள் வருகையோடு எழுந்தது. காசுமீரத்திலிருந்து ஈழம், சாவகம் வழியாக அங்கு சென்றிருந்த குணவர்மர் என்னும் பிக்கு இதனை ஆராய்ந்தார். விதித்த தொகைக்கு வந்த பிக்குணிகள் போதாமையால், இன்னும் சிலர் வரும்வரை பொறுத்திருக்குமாறும், வந்தவர்கள் சீனமொழியைக் கற்குமாறும் அவர் கூறினார்.

குணவர்மர் 431 இல் காலமானார். 433 இல் அதே நந்தியின் கப்பல் மீண்டும் வந்தது. தேசரா என்னும் பிக்குணியின் தலைமையில் மேலும் ஈழத்துப் பிக்குணிகள் வந்திறங்கினர். அதனை ஒட்டிச் சங்கவர்மர் என்னும் பிக்குவின் முன்னிலையில், முந்நூற்றுக்கு மேற்பட்ட சீனப் பெண்கள் இருசங்கத்தாரிடமும் முறைப்படி உபசம்பதை பெற்றனர். தாய்மொழியறியாத தேசத்திற் பல ஆண்டுகள் காத்திருந்து, ஒரு மொழியையும் கற்று, தாம் பெற்ற தீட்சையைப் பிறர்க்கு அளித்த அப்பெண்களின் பெயர்கள் ஒன்றிரண்டே நம் காதுக்கு எட்டுகின்றன. அவர்கள் அங்கு கொள்கைப் பிரசாரம் செய்யப் போகவில்லை. சீனப் பெண்கள் எச்சூத்திரத்தை ஓதுகின்றனர் என்று கேட்டுத் தீட்சையை மறுக்கவுமில்லை. கொடுத்தனர், அவ்வளவே. அக்கொடையின் பயனைப் பதினைந்து நூற்றாண்டுகளின் பின் எவர் அனுபவித்தனர் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

அணைந்த விளக்கும் அயல்வீட்டுச் சுடரும்

விளக்கு அணைந்தால் அயல்வீட்டிற் சென்று சுடர் வாங்கிவருதல் உலகவழக்கு. இந்நாட்டுச் சங்கமும் பன்முறை இதனைச் செய்தது. சோழர் ஆட்சிக்காலத்தின் பின், பதினோராம் நூற்றாண்டில், முதலாம் விசயபாகு உபசம்பதை நடத்தப் போதிய பிக்குகள் இன்மை கண்டு, பர்மாவின் அநுருத்த மன்னனிடம் தூதனுப்பிப் பிக்குகளை வருவித்தான். பிக்குகளின் மரபு மீண்டது. பிக்குணிகளின் மரபோ மீளவில்லை.

பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் காலமும் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சபதர் என்னும் பர்மியத் துறவி ஈழத்திலே உபசம்பதை பெற்று, வேறு நான்கு தேரர்களுடன் பர்மா திரும்பினார். அந்நால்வருள் ஆனந்தர் என்பார் காஞ்சிபுரத்தவர் என்பது தமிழர் அறிந்து மகிழவேண்டிய செய்தி. மகாசேனன் காலத்திற் பிணக்கை மூட்டிய பிக்கு சோழநாட்டவரெனின், ஈழத்தின் தீட்சையைக் கடல் கடந்து சுமந்த பிக்குகளுள்ளும் ஒருவர் தமிழ்நாட்டவராயிருந்தார். 1476 இல் பெகு நாட்டு மன்னன் தம்மசேதி, இருபத்திரண்டு தேரர்களை அவர்தம் மாணாக்கருடன் இங்கு அனுப்பினான். அவர்கள் களனியாற்றின் நடுவே, நீரையே எல்லையாகக் கொண்டு உபசம்பதை பெற்றனர். தம் நாடு திரும்பியபின் அவர்கள் வழி அமைந்த சீமைக்குக் “கல்யாணி” என்றே பெயரிட்டனர். அவ்வரலாறு பெகுவிற் கல்வெட்டாக இன்றும் நிற்கின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஈழத்து விளக்கு மீண்டும் அணைந்தது. உபசம்பதை பெற்ற பிக்கு ஒருவரேனும் நாட்டில் இல்லாத நிலை. வெலிவிட்ட சரணங்கரர் என்னும் சாமணேரர் இதற்காக வருந்தி உழைத்தார். முன்னர்ச் சென்ற தூதுகள் கடல் விபத்தாலும், அரசனின் மறைவாலும் பயனற்றுப் போயின. ஈற்றில் 1753 இல், சீயத்தின் அயோத்தியா நகரிலிருந்து உபாலி தேரர் தம் குழுவினருடன் ஒல்லாந்தக் கப்பலில் வந்து, கண்டியிலே உபசம்பதையை மீண்டும் நிறுவினார். சியம் நிகாயம் தோன்றிய வரலாறு இதுவே. அதற்கு ஆதரவளித்த மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், மதுரை நாயக்கர் வழியினன். இந்து ஆசாரங்களிடையே வளர்ந்தவன். பதினான்கு ஆண்டுகளின் பின், 1767 இல், பர்மியர் படையெடுப்பால் அயோத்தியா நகர் அழிந்தது. அந்நகரின் தீட்சை மரபோ அதற்கு முன்னரே கண்டியில் வேர்கொண்டுவிட்டது.

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் மறையாது கூறல்வேண்டும். சியம் நிகாயத்தில் உபசம்பதை விரைவிலேயே கொவிகம சாதியார்க்கு மாத்திரம் உரியதென வரையறுக்கப்பட்டது. புத்தர் வகுத்த விநயத்தில் இவ்வரையறை இல்லை. கதவு மூடப்பட்ட கரையோரத்தார் சும்மா இருக்கவில்லை. வெலிதற ஞானவிமலர் என்பார் பர்மாவின் அமரபுரம் சென்று 1800 இல் உபசம்பதை பெற்றுத் திரும்பினார். 1803 இல் பலப்பிட்டியருகே மாதுகங்கையில் அமரபுர நிகாயத்தின் உபசம்பதை நடைபெற்றது. 1864 இல் இராமஞ்ஞ நிகாயம் தோன்றியது. எல்லாப் பிரிவுகளும் கொள்கையினால் தோன்றுவன அல்ல. சில பிரிவுகள் எம்மவரின் சாதிச் செருக்கினால் தோன்றுவன. இந்நோய் சைவராகிய எமக்குப் புதியதன்று. ஆகவே பிறர் வீட்டுக் கதை என்று இதனைக் கேட்டிருத்தல் எமக்கு ஒவ்வாது. அமரபுர, இராமஞ்ஞ நிகாயங்கள் இரண்டும் 2019 ஆகஸ்டில் ஒரே சங்கசபையாக இணைந்தன என்பது ஆறுதல் தரும் செய்தி.

பொது உடன்பாட்டைத் தேடிய முயற்சிகள்

நீராவிக் கப்பலும் அச்சுயந்திரமும் வந்தபின், தேரவாதியும் மகாயானியும் ஒருவரையொருவர் நேரிற் கண்டு உரையாடும் வாய்ப்புப் பெருகிற்று. 1880 இல் காலியிற் பஞ்சசீலம் ஏற்ற கேணல் ஒல்கொட் என்னும் அமெரிக்கர் இதில் முன்னின்றார். 1885 வெசாக்கில் முதன்முறை ஏற்றப்பட்ட பௌத்த கொடியை அவர் 1889 இல் யப்பானுக்கும் கொண்டு சென்றார். 1891 சனவரியில் சென்னை அடையாற்றிற் பல நாட்டுப் பௌத்தரைக் கூட்டி, எல்லாரும் ஏற்கத்தக்க பதினான்கு அடிப்படைக் கருத்துக்களை முன்வைத்தார். உலகம் ஒருவராற் படைக்கப்பட்டதன்று. துன்பத்தின் வேர் அறியாமை. நான்கு வாய்மைகளே அதனை நீக்கும் வழி. எந்நூலில் எழுதியிருப்பினும் ஆராயாது ஒன்றை ஏற்றலாகாது என்பன அவற்றுட் சில. ஈழத்தில் ஹிக்கடுவை ஸ்ரீ சுமங்கல தேரர் முதலானோரும், பர்மியரும், யப்பானியரும் ஒப்பமிட்டனர். யப்பானியர் ஒப்பமிடும்போது, இவை வடபௌத்தத்தினுள் அடங்குவன என்ற அளவில் ஏற்பதாக ஒரு குறிப்பையும் சேர்த்தனர். அக்குறிப்பு நேர்மையானது. எம்மிடம் இவையும் உண்டு, இவற்றினும் கூடுதலாகவும் உண்டு என்பது அதன் கருத்து. பொதுவானதை ஏற்று, சிறப்பானதைக் கைவிடாத அந்நிலை ஒற்றுமைக்குத் தடையாகவில்லை.

1950 மே மாதத்தில், கண்டி தலதா மாளிகையில் இருபத்தேழு நாட்டுப் பிரதிநிதிகள் கூடி உலக பௌத்த சகோதரத்துவ சங்கத்தை நிறுவினர். கலாநிதி ஜி. பி. மலலசேகரா அதன் முதற்றலைவரானார். அவ்வாண்டில் அச்சங்கம் செய்த ஒரு முடிவு சிறிதேயாயினும் ஆழமானது. ‘ஈனயானம்’ என்ற சொல்லால் இக்காலத்துத் தேரவாத நாடுகளைக் குறிப்பதைக் கைவிடுதல் வேண்டும் என்பதே அது. ஈனயானம் என்றால் தாழ்ந்த வாகனம் என்று பொருள். தம்மைத் தாமே அவ்வாறு எவர் அழைப்பர்? ஒருவரை அவர் ஏற்கும் பெயரால் அழைத்தல் ஒற்றுமையின் முதற்படி.

1966 இல் கொழும்பிலே உலக பௌத்த சங்கப் பேரவை அமைந்தது. அதன் வேண்டுகோளின்படி வல்பொல இராகுல தேரர் வகுத்த ஒன்பது பொதுக் கருத்துக்கள் 1967 இல் ஏற்கப்பட்டன. இராகுலர் ஈழத்துத் தேரவாத பிக்கு. பாரிஸ் நகரில் மகாயான நூல்களை ஆழ்ந்து கற்றவர். அசங்கரின் நூலொன்றைப் பிரெஞ்சு மொழியில் ஆக்கியவர். புத்தரே எல்லார்க்கும் ஆசான், மும்மணிகளே சரண், நான்கு வாய்மைகளும் சார்பிற்றோற்றமும் பொதுவானவை, நிலையாமை, துன்பம், அனான்மம் ஆகிய மூன்றும் எல்லாரும் உடன்படுவன, நாட்டுக்கு நாடு வேறுபடும் சடங்குகளையும் வழக்கங்களையும் புத்தர் போதனையின் சாரமாகக் கொள்ளலாகாது என்பன அவ்வொன்பதில் அடங்கும். ஞானம் அடைதற்கு மூவகை நெறிகள் உண்டென்றும், அவற்றுட் போதிசத்துவ நெறியே உயர்ந்ததென்றும் ஒரு கருத்து அங்கு உண்டு. தேரவாதி ஒருவர் மகாயானத்தாரை மகிழ்விக்க இதைச் சேர்த்தாரென்று எண்ணவேண்டியதில்லை. ஈழத்து அரசராவோர் போதிசத்துவரே என்று நான்காம் மகிந்தன் காலக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளின் முன்னரே கூறிற்று. கண்டியில் தலதா மாளிகையின் எதிரே நாததேவாலயம் நிற்கின்றது. அங்கு வழிபடப்படும் நாததெய்வம் மகாயானத்தார் போற்றும் அவலோகிதேசுவரரே என்பர் அறிஞர்.

உலகைப் படைத்து ஆளும் இறைவன் ஒருவன் உண்டென்று தாம் நம்புவதில்லை என்பதும் அவ்வொன்பதில் ஒன்று. இந்துக்களாகிய எமக்கு இஃது உடன்பாடன்று. ஆயினும் பிறர்க்கு இனிக்கவேண்டும் என்பதற்காக இதனை அவர்கள் ஒளிக்கவில்லை என்பதை மதித்தல் வேண்டும். எல்லார்க்கும் பொதுவாக மழுப்பிய சொற்களால் எந்த ஒற்றுமையும் நிலைபெறாது. வேறுபாட்டை வெளிப்படையாகக் கூறிவிட்டு அருகருகே அமர்தலே நிலைக்கும்.

கொடுத்த கடன் திரும்பிய வரலாறு

பொதுக் கருத்துக்கள் காகிதத்தில் நிற்கலாம். ஒரு நெறி மற்றொன்றிடம் தன் உயிர்ப்பான ஒன்றை நாடும்போதே அவற்றின் உண்மை சோதிக்கப்படும். அச்சோதனை எமது காலத்தில் வந்தது.

பிக்குணி மரபு அறுந்தபின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இலங்கைப் பெண்கள் பிக்குணியாக இயலவில்லை. அண்மை நூற்றாண்டில் பத்துச் சீலம் காத்த தசசில் மாதாக்கள் உண்டு. ஆயின் அவர்கள் சங்கத்தினர் அல்லர். பெண் சங்கம் இல்லாத நாட்டில் இருசங்க உபசம்பதை எவ்வாறு நடைபெறும்? ஐந்தாம் நூற்றாண்டிற் சீனப் பெண்களை வருத்திய அதே வினா இருபதாம் நூற்றாண்டில் ஈழத்துப் பெண்களை வருத்தியது. விடை எங்கிருந்து வந்தது? 1996 டிசம்பரில், புத்தர் முதன்முதல் தருமத்தைப் போதித்த சாரநாத்தில், கொரிய நாட்டுச் சங்கத்தாரின் துணையுடன் குசுமா உட்படப் பத்து இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றனர். 1998 பெப்ரவரியில் புத்தகயாவில், தாய்வானிலுள்ள போகுவாங்சான் மடத்தார் நடத்திய பேருபசம்பதையில் மேலும் இருபது இலங்கைப் பெண்கள் பங்குபற்றினர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இனாமலுவை சுமங்கல தேரரின் தலைமையில் தம்புள்ளையிலே உபசம்பதை நடைபெற்றது. ஆயிரம் ஆண்டுகளின் பின் இலங்கை மண்ணில் பிக்குணியரின் தீட்சை மீண்டும் நிகழ்ந்தது.

433 இல் தேசராவும் தோழியரும் கொடுத்தது, சீனத்தாரின் கையிலே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் தங்கியிருந்து, பின் வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. மகாபராக்கிரமபாகுவைப் போன்ற ஓர் அரசன் ஆசியா முழுதும் ஆண்டு, எல்லா நெறிகளையும் ஈழத்தின் ஒரே நெறியாக்கியிருப்பானாயின், ஈழத்திலே அம்மரபு அணைந்தபோது உலகெங்கும் அணைந்திருக்கும். சீனம் வேறாக இருந்தமையாற்றான் சீனத்திடம் சுடர் இருந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனைக் கேளாது விடுதல் நியாயமன்று. சீனத்தார் மகாயானத்தார், அவரிடம் பெற்ற உபசம்பதை தேரவாதத்தில் எங்ஙனம் செல்லும் என்பர் சிலர். அங்கும் இடைக்காலங்களிற் பெண்கள் பிக்குகளிடம் மாத்திரமே தீட்சை பெற்றதுண்டாதலால் மரபு அறுந்துவிட்டது என்பர் வேறு சிலர். இலங்கையின் பெரு நிகாயங்களின் மகாநாயக தேரர்கள் பிக்குணி சங்கத்தை முறைப்படி ஏற்க முன்வரவில்லை. விநயத்தைப் பேணுவோர் தயங்குதல் இயல்பே. விதியைக் கண்ணெனக் காத்தவர்களாலேயே விதி எமது காலம்வரை வந்தது. எனினும் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். சீனப் பிக்குணிகள் பின்பற்றும் விநயம் மகாயானத்தார் புதிதாக இயற்றியதன்று. தருமகுப்தகர் என்னும் பழைய நிகாயத்தின் விநயம் அது. சூத்திரம் வேறாயினும் விநயம் ஒன்றென்று இத்சிங் ஏழாம் நூற்றாண்டில் கண்டதும் இதனையே. மற்றையது, மரபு அறுந்தபோது அயலாரிடம் சென்று பெறுதல் ஈழத்துச் சங்கத்துக்குப் புதிய செயலன்று. விசயபாகுவும், சரணங்கரரும், ஞானவிமலரும் சென்ற வழியே அது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒரு முடிவு தெளிவாகின்றது. பௌத்த நெறிகள் ஒன்றாயின என்று சொல்லத்தக்க காலங்கள் இரண்டு வகையின. அரசன் ஆணையிட்டு ஒன்றாக்கிய காலம் ஒன்று. அக்காலத்தில் ஒரு மரபு வாழ, மற்றொரு மரபு மாண்டது. ஒருவர் மற்றவரிடம் பெற்றும் அவருக்கு ஈந்தும் வாழ்ந்த காலம் மற்றொன்று; அக்காலத்தில் இருவரும் வாழ்ந்தனர். ஒருவன் தன் நெறியைக் காக்க விரும்பின், தன்னினின்றும் வேறுபட்ட நெறியும் வாழவேண்டும் என்று விரும்பியே ஆகவேண்டும். தன் வீட்டு விளக்கு என்று அணையும் என்பதை எவரும் அறியார்.

பெரியோர்களே, சங்கத்து வாலிபர்களே! கோயிலுக்குக் கோயிலும், சபைக்குச் சபையும், ஊருக்கு ஊரும் வேலியிட்டு வாழும் எமக்கு இவ்வரலாறு அயலார் கதை மாத்திரமன்று. ஒற்றுமை வேண்டும் என்று எவரேனும் மேடையில் முழங்கும்போது அவரிடம் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. பிறரை உம்மைப்போல் ஆக்கக் கருதுகின்றீரா, பிறரிடம் ஒன்றைப் பெறவும் ஒன்றைக் கொடுக்கவும் கருதுகின்றீரா என்பதே அவ்வினா. நந்தியின் கப்பலில் ஏறிச் சென்ற ஈழத்துப் பிக்குணிகள் அதற்கு எப்போதோ விடை கூறிவிட்டனர்.